கிறிஸ்துமஸ் தீவு: நண்டும் பாஸ்பேட்டும் பங்குபோடும் மண்

2019 ஆகஸ்ட் கடைசியில் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தை இலங்கைக்குத் திருப்பி அனுப்ப ஆஸ்திரேலிய அரசு விமானத்தில் ஏற்றியது. அப்பா, அம்மா, ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். விமானம் பறந்துகொண்டிருந்தபோதே நீதிமன்றத் தடை வந்தது, டார்வினில் இறக்கினார்கள். அங்கிருந்து அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம் கிறிஸ்துமஸ் தீவு. ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த நால்வரும் அங்கேதான் இருந்தார்கள். முன்பு அவர்கள் குடியிருந்த பிலோயிலா என்ற குவீன்ஸ்லாந்துச் சிற்றூரின் மக்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2022இல் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது, நிரந்தரமாக வாழும் உரிமையும் கிடைத்தது.

நம்மில் பலர் அந்தத் தீவின் பெயரைக் கவனித்தது அப்போதுதான். நானும் அப்போதுதான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பிறகு அதைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. அந்தத் தடுப்பு முகாம் தீவின்மேல் கடைசியாக வந்து உட்கார்ந்த பொருள். அதற்கு முன்னால் அங்கே ஒரு சுரங்கம் வந்திருந்தது. சுரங்கத்துக்கு முன்னால் காடு இருந்தது, காட்டுக்குள் கோடிக்கணக்கில் நண்டுகள் இருந்தன. காட்டுக்கும் நண்டுக்கும் சுரங்கத்துக்கும் வேண்டியது ஒரே மண். அதை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பசிபிக் பெருங்கடலில் கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த ஒரு பவளத்தீவுக்கும் இதே பெயர் இருந்தது. 1950களின் கடைசியில் பிரிட்டன் அணுகுண்டுச் சோதனை நடத்தியது அங்கே. நாம் பேசுவது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவை. ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர். ஆனால் அதை ஆளும் நாடு ஆஸ்திரேலியா. பெர்த் நகரிலிருந்து விமானத்தில் வரவேண்டுமென்றால் 2,600 கிலோமீட்டர் பறக்கவேண்டும். பரப்பளவு 135 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,692. நம்மூரில் ஒரு நடுத்தர கிராமத்தில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

கடலுக்குள்ளிருந்து ஒரு மலை

இது தாழ்வான பவளத்தீவு இல்லை. கடலடியிலிருந்து நாலரை கிலோமீட்டருக்கும் மேல் எழுந்து நிற்கும் ஒரு பழைய எரிமலையின் உச்சி மட்டும் வெளியே தெரிகிறது. அந்த எரிமலை அணைந்து யுகங்கள் ஆகிவிட்டன. அதன் தலையில் பவளப்பாறைகள் வளர்ந்து, சுண்ணாம்புக்கல்லாக இறுகி, தரை கட்டம் கட்டமாக மேலே உயர்ந்திருக்கிறது. அதனால் கடலிலிருந்து பார்த்தால் தீவு படிக்கட்டு மாதிரி தெரியும். முதலில் செங்குத்தான கடற்பாறை, அதற்கு மேல் ஒரு தட்டு, அப்புறம் இன்னொரு பாறைச்சுவர், இன்னொரு தட்டு, கடைசியில் நடுவே ஒரு மேட்டுநிலம். மிக உயரமான முனை மர்ரே குன்று, 361 மீட்டர்.

கரையைச் சுற்றிப் பெரும்பகுதி பாறைச்சுவர்தான். கப்பல் வந்து நிற்க உருப்படியான இடம் ஒன்றே ஒன்று, வடகிழக்கில் உள்ள ஃபிளையிங் ஃபிஷ் குடா. அங்கும் கடல் கரையோரத்திலேயே சரேலென்று ஆழமாகிவிடுகிறது. வருடத் தொடக்கத்தில் மழைக்கால அலைகள் எழும்போது சரக்குக் கப்பல் வந்தாலும் இறக்க முடியாமல் வெளியே காத்திருக்கும் நாட்கள் உண்டு. காய்கறி, பழம், பால் எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டிய ஊர் அது. கப்பல் தவறினால் மிச்சம் விமானம், விமானத்தில் வந்தால் அதற்கேற்ற விலை.

சுண்ணாம்புக்கல் தண்ணீரைத் தேக்காது. பெய்யும் மழை கல்லின் இடுக்குகளில் இறங்கி, குகைகள் வழியாக ஓடி, அடியிலுள்ள எரிமலைப் பாறையைத் தொட்டதும் ஊற்றாக வெளிவருகிறது. அப்படி வந்த ஹோஸ்னீஸ் ஊற்றில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு முப்பது மீட்டருக்கு மேலே, நன்னீரில், ஒரு சதுப்புநிலக் காடு நிற்கிறது. பிச்சாவரத்தில் நாம் பார்க்கும் அதே மாதிரி உப்புத்தண்ணீர் மரக்கூட்டம், கடல் தொடாத உயரத்தில். கடல் அங்கே இருந்த காலத்தில் முளைத்த காட்டின் வாரிசு அது. தரை உயர்ந்து கடல் விலகிய பிறகும் ஊற்றைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இதற்கு இடம் உண்டு.

இப்போது மண்ணுக்கு வருவோம். மேட்டுநிலத்தில் சுண்ணாம்புக்கல் சமதளமாக இல்லை. கூர்கூரான தூண்களாக அரித்துப்போய் நிற்கிறது. அந்தத் தூண்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில்தான் மண் நிரம்பியிருக்கிறது. அந்த மண்தான் உரத்துக்கு உதவும் பாஸ்பேட். எண்ணற்ற தலைமுறைகளாகக் கடற்பறவைகள் இட்ட எச்சம் சுண்ணாம்புடன் சேர்ந்து மாறியது என்பது பரவலான விளக்கம். மழைக்காட்டின் பெருமரங்கள் வேர்விட்டது அதில். நண்டு வளை தோண்டியது அதில். 1880களில் மனிதன் கண்டுபிடித்ததும் அதைத்தான்.

வருடத்துக்கு ஒரு பயணம்

தீவின் செந்நண்டு நிலத்தில் வாழும் நண்டு. உள்ளங்கையை நிறைக்கும் அளவு, நல்ல ரத்தச்சிவப்பு. ஆனால் அது இன்னும் செவுளால்தான் மூச்சுவிடுகிறது, அதனால் உடம்பில் ஈரம் வற்றக்கூடாது. வெயில் காலத்தில் வளைக்குள் இருந்துகொண்டு, வாசலை இலையால் அடைத்துவிடும். இப்படி ஈரம் வற்றிவிடுமோ என்று பயந்து வாழும் பிராணிக்கு ஒரு கட்டாயம் உண்டு: முட்டையைக் கடலில்தான் விடவேண்டும்.

அக்டோபர், நவம்பரில் முதல் மழை விழுந்ததும் மேட்டுநிலத்துக் காட்டிலிருந்து நண்டுகள் இறங்கத் தொடங்கும். ஆண்கள் முன்னே, பெண்கள் பின்னே. சாலை, வீட்டுவாசல், பள்ளிக்கூட மைதானம் எதுவும் பொருட்டில்லை. கரைக்கு வந்ததும் முதலில் கடல்நீரில் நனைந்து உடம்பின் உப்பையும் ஈரத்தையும் சரிசெய்துகொள்கின்றன. பிறகு ஆண்கள் கரையோரத் தட்டில் வளை தோண்டி, அதற்காகச் சண்டைபோட்டு, இணைசேர்ந்துவிட்டு, காட்டுக்குத் திரும்பி நடக்கின்றன. பெண்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் அந்த ஈரமான வளைக்குள் முட்டையைச் சுமந்துகொண்டு தங்குகின்றன. ஒரு பெண்நண்டு ஒரு லட்சம் முட்டை வரை சுமக்கும்.

அவை முட்டையை விடும் நேரத்தைக் கவனியுங்கள். தேய்பிறையின் கடைசிக் கால்பகுதி, விடியலுக்கு முன், ஏற்றநீர் வற்றத் திரும்பும் வேளை. இந்த மூன்றும் சேரும் சில நாட்கள்தான். அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைவு, அதனால் நண்டு அலையில் அடித்துப்போகாமல் தண்ணீர் ஓரம் வரை இறங்க முடிகிறது. இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், மழை எந்தத் தேதியில் வந்ததோ அதைப் பொறுத்து நண்டுகள் நிதானமாக நடக்கவேண்டுமா, அவசரமாக ஓடவேண்டுமா என்பது முடிவாகிவிடும். மழை தாமதித்த வருடங்களில் அவை வழியில் நின்று தின்பதுகூட இல்லை. மழையே மோசமாகத் தாமதித்தால் அடுத்த நிலவுக்குத் தள்ளிப்போடுகின்றன. மழைக்கும் நிலவுக்கும் பொருந்தும் நாள் பார்த்துப் பயணம் கிளம்புகிற பஞ்சாங்கம் அவற்றின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது.

தண்ணீர் பட்டவுடன் முட்டை வெடித்துக் குஞ்சு வெளிவருகிறது. ஏறக்குறைய ஒரு மாதம் கடலில் மிதக்கிறது. அதற்குள் மீன்கள், திருக்கைகள் என்று பலதும் வந்து விருந்துண்ணும். உலகத்திலேயே பெரிய மீனான திமிங்கலச் சுறாவும் அந்தப் பருவத்தில் தீவைச் சுற்றி வருகிறது. பெரும்பாலான வருடங்களில் ஒரு நண்டுக்குஞ்சுகூடத் திரும்பி வராமல் போவதுண்டு, வந்தாலும் மிகக் கொஞ்சம். பத்து வருடத்தில் ஒன்றிரண்டு முறை கடல் கருணைகாட்டி, ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள குட்டிநண்டுகள் கரையைச் செம்பட்டுபோல் மூடிக்கொண்டு ஏறும். அந்த ஒன்றிரண்டு வருடம்தான் இனத்தைக் காப்பாற்றுகிறது.

இந்த நாட்களில் சில சாலைகளை மூடிவிடுகிறார்கள். மற்ற சாலைகளில் ஓரமாகத் தடுப்பு கட்டி நண்டுகளைத் தரையடி வழிகளுக்குத் திருப்புகிறார்கள். ஓரிடத்தில் சாலைக்கு மேலே ஐந்து மீட்டர் உயரத்தில் நண்டுக்கென்றே ஒரு பாலம் இருக்கிறது. ஏறி இறங்கிப் போகின்றன. வண்டியை எடுப்பவர் கையில் ஒரு வாரியைப் பிடித்து, முன்னால் நடந்து, நண்டுகளை மெல்ல ஒதுக்கிவிட்டுப் பிறகு ஓட்டுவதும் அங்கே சாதாரணம். இதைப் படித்தபோது எனக்கு அந்த ஊர்மேல் ஒரு மரியாதை வந்தது.

செந்நண்டு அழகுக்காக அங்கே இல்லை, அந்தக் காட்டை நடத்துவதே அதுதான். கீழே விழும் இலையைத் தின்று உரமாக்குகிறது. முளைக்கும் கன்றுகளில் பெரும்பாலானவற்றைக் கத்தரித்துவிடுகிறது. அதனால் அந்த மழைக்காட்டின் தரை பெருக்கிவைத்த முற்றம் மாதிரி இருக்கும். அதனோடு கொள்ளைக்கார நண்டும் உண்டு. தேங்காய் நண்டு என்றும் சொல்வார்கள். நான்கு கிலோ வரை வளரும், நிலத்தில் வாழும் கணுக்காலிகளில் அதைவிடப் பெரியது கிடையாது. பல தசாப்தம் வாழக்கூடிய அந்தப் பிராணி அதிகமும் சாகிறது வண்டிச்சக்கரத்தில்.

மேலே மரஉச்சியில் இன்னொரு பங்காளி. அபாட்ஸ் பூபி என்ற கடற்பறவை உலகத்தில் இப்போது இனப்பெருக்கம் செய்வது இந்தத் தீவில் மட்டுமே. கடற்பறவைகள் பல பாறையிலோ தரையிலோ கூடு வைக்கும். இது உயர்ந்த மழைக்காட்டு மரங்களின் உச்சியில்தான் வைக்கும். ஒரு தடவைக்கு ஒரே முட்டை. குஞ்சு பெற்றோரை விட்டுத் தானாகப் பிழைக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் ஈனும். சீஷெல்ஸ் பக்கம் அசம்ப்ஷன் தீவிலும் ஒருகாலத்தில் இது இருந்தது. அங்கேயும் பறவை எச்ச உரத்துக்காகக் காட்டை அழித்தார்கள், பறவை போய்விட்டது. இங்கே சுரங்கத்துக்காகக் காட்டில் திறந்தவெளிகள் உண்டானபோது, வெட்டப்பட்ட மரங்களோடு சேதம் நிற்கவில்லை. திறந்தவெளியைத் தாண்டி வரும் காற்று சுழித்து, பக்கத்துக் காட்டின் உச்சியிலிருந்த குஞ்சுகளையும் தள்ளிவிட்டது.

மண்ணை அள்ளியவர்கள்

1643 டிசம்பர் 25 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர் வில்லியம் மைனர்ஸ் இந்தத் தீவைக் கடந்து போனார், அன்றைய பண்டிகையைப் பார்த்துப் பெயர் வைத்தார். அதற்குப் பிறகும் இருநூறு வருடத்துக்கு மேல் யாரும் குடியேறவில்லை. பாறைச்சுவர் ஏறமுடியாதது, ஏறினாலும் பயிர் செய்யச் சமநிலம் இல்லை. 1887இல் கடற்படைக் கப்பல்கள் கொண்டுவந்த கல் மாதிரிகளை ஜான் மர்ரே என்ற கடலியலாளர் சோதித்தார். ஏறக்குறைய கலப்பற்ற பாஸ்பேட். அடுத்த வருடமே, 1888 ஜூன் 6ஆம் தேதி, பிரிட்டன் தீவைத் தன்னுடையதாக அறிவித்தது. ஆளில்லாத ஒரு தீவின்மேல் பேரரசுக்கு வந்த திடீர்ப் பாசத்துக்குக் காரணம் அந்த மண்தான்.

1899இல் வேலை தொடங்கியது. தெற்குச் சீனத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள், மேற்பார்க்க ஒரு சில ஐரோப்பியர்கள், காவலுக்குச் சீக்கியப் போலீஸ். மலேயா, சிங்கப்பூர் பக்கத்து ரப்பர், தகர வேலைகளுக்குக் கூலிகளைத் திரட்டிய அதே ஏற்பாடுதான். கூர்கூரான கல்தூண்களுக்கு நடுவே இறங்கி, மண்வெட்டியால் கொத்தி, கூடையில் சுமந்து ஏற்றினார்கள். முதல் சில வருடங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் பெரிபெரி நோயில் செத்தார்கள். தீட்டிய அரிசி மட்டும் சாப்பிட்டதால் வந்த உயிர்ச்சத்துக் குறைவு அது. தவிட்டோடு ஒரு பிடி அரிசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் ஆறமாட்டேன் என்கிறது.

அதே 1899இல் ஹிந்துஸ்தான் என்ற கப்பல் தீவுக்கு வந்தது. அதில் சரக்கோடு கறுப்பெலிகளும் வந்திறங்கின. தீவுக்கே உரிய எலியினங்கள் இரண்டு இருந்தன. வந்த எலிகள் சுமந்த ஒரு ஒட்டுண்ணி இவற்றுக்குத் தொற்றியது. தள்ளாடித் திரியும் எலிகளை மக்கள் பார்த்தார்கள். 1908இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சி. டபிள்யூ. ஆண்ட்ரூஸ் திரும்பி வந்து தேடியபோது இரண்டினத்திலும் ஒன்றுகூட இல்லை. நோயால் ஒரு பாலூட்டி இனம் அடியோடு அழிந்ததற்கு இதுவே முதல் தெளிவான சான்று என்பதை நூறு வருடம் கழித்து, 2008இல், அருங்காட்சியகத்தில் இருந்த எலித்தோல்களின் மரபணு உறுதிசெய்தது.

1942இல் ஜப்பான் பிடித்தது, போர் முடிந்ததும் தீவு மறுபடி பிரிட்டன் கைக்கு வந்தது. நிர்வாகம் சிங்கப்பூரிலிருந்து நடந்தது. சுரங்கக் கம்பெனியை ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அரசுகள் வாங்கின. இரண்டு நாட்டுப் பண்ணைகளுக்கும் மலிவான உரம் வேண்டும், காரணம் அவ்வளவுதான். 1958 அக்டோபர் 1ஆம் தேதி தீவே ஆஸ்திரேலியாவின் கைக்கு மாறியது. பாஸ்பேட் வருமானம் போனதற்கு ஈடாகச் சிங்கப்பூருக்கு 29 லட்சம் பவுன் கொடுக்கப்பட்டது. அங்கே வாழ்ந்த சீன, மலாய்த் தொழிலாளர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவர்கள் பேச ஆரம்பித்தது 1970களில். ஒரே தீவில் ஒரே கம்பெனிக்கு உழைத்தும் ஆசியத் தொழிலாளிக்கு ஒரு கூலி, ஒரு குடியிருப்பு, வெள்ளையருக்கு வேறு. 1975இல் தொழிற்சங்கம் எழுந்தது. கோர்டன் பென்னட் என்பவர் தலைமையில் 1979இல் தலைநகர் கான்பராவுக்கே போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆஸ்திரேலியக் கூலிக்குச் சமமான கூலியை நோக்கி நிலைமை நகர்ந்தது அந்தப் போராட்டத்தால்தான்.

ஆனால் கொஞ்ச நாளிலேயே, 1987இல், அரசு சுரங்கத்தை மூடிவிட்டது. ஊரைவிட்டு நிறையப் பேர் போனார்கள். மிஞ்சியவர்கள் செய்த காரியம் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்தது. தொழிற்சங்கத்தாரும் சுரங்கத் தொழிலாளர்களும் தங்கள் சேமிப்பைப் போட்டு ஒரு கம்பெனி தொடங்கி, 1990இல் குத்தகையை வாங்கினார்கள். கூலிக்கு மண் சுமந்தவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். புதிதாக மழைக்காட்டை வெட்டக்கூடாது என்பது நிபந்தனை. பழைய குவியல்களையும் முன்பே வெட்டிய நிலத்தையும் வைத்து ஓட்டவேண்டும். அங்கிருந்து போகும் பாஸ்பேட்டில் பெரும்பகுதி மலேசிய, இந்தோனேசியச் செம்பனைத் தோட்டங்களுக்கு உரமாகிறது.

அதனால் இந்தச் சுரங்கத்தைப் பற்றி ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு முடியவில்லை. தீவின் காட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை அழித்தது அது. அந்த ஊர் மக்கள் தாங்களே மீட்டெடுத்த பிழைப்பும் அதுதான். பூன் சான், டிரம்சைட், குடாக்கரையிலுள்ள மலாய்க் கம்பம் (கிராமம்) என்று அங்குள்ள குடியிருப்புகள் சுரங்கத் தொழிலைச் சுற்றி அமைந்தவை. பூன் சான் என்றால் கன்டோனீஸ் மொழியில் பாதிமலை. டிரம்சைட் என்ற பெயர், சரிவில் பாஸ்பேட் வண்டிகளை இறக்கிய உருளையிலிருந்து வந்தது. சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அங்கே ஊர்விடுமுறை. பள்ளிவாசல், சீனக் கோவில்கள், தேவாலயம் எல்லாம் ஒரு நடை தூரத்தில்.

எறும்பு

தீவின் சூழலைக் கலக்கிய ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை நாமும் சந்தித்திருக்கிறோம். 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவார கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்புகள் பெருகி, ஆடுமாடுகளின் கண்ணைப் பாதிக்கின்றன, பயிர்வேலை செய்ய முடியவில்லை என்று செய்தி வந்தது நினைவிருக்கலாம். அதே இனம்தான். கடிக்காது, கொட்டாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். திக்குத்திசை இல்லாமல் ஓடுவதால் அந்தப் பெயர்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் ஏதோ சரக்கோடு அது தீவுக்கு வந்தது. பல தசாப்தம் பெரிய தொந்தரவு இல்லாமல் இருந்தது. 1989இல் முதல் பெருங்கூட்டத்தைக் கவனித்தார்கள். பல ராணி எறும்புகள், எல்லையே இல்லாமல் ஒன்றோடொன்று இணைந்த புற்றுகள், சதுர மீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேல் எறும்புகள். 1990களின் நடுவில் காட்டின் பல பகுதிகளில் பரவியது. செந்நண்டு அந்தப் பகுதிக்குள் நடந்தால் அமிலம் கண்ணிலும் மூட்டிலும் பட்டு, குருடாகி, சில நாளில் செத்துப்போகும். கோடிக்கணக்கான நண்டுகள் இப்படிப் போயின. எறும்பே இல்லாத காட்டில் வாழ்ந்த நண்டும் கடலுக்குப் போகும் வழியில் மாட்டிக்கொண்டு சாகும். அதனால் எறும்பு தொடாத காடும் நண்டில்லாமல் வெறிச்சிட்டது.

நண்டு போனதும் காடே மாறியது. கத்தரிக்க ஆளில்லாமல் கன்றுகள் அடர்ந்தன, இலை மக்காமல் குவிந்தது, நண்டு இருந்தவரை உள்ளே வரமுடியாமல் இருந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை நுழைந்தது. ஒரு வந்தேறி இன்னொரு வந்தேறிக்குக் கதவைத் திறந்துவிடுவதற்கு உலகம் முழுக்கச் சூழலியல் மாணவர்கள் படிக்கும் உதாரணம் ஆனது இந்தத் தீவு.

எறும்புக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? மரத்தின் சாற்றை உறிஞ்சும் அரக்குச் செதில்பூச்சிகள் இனிப்பான திரவத்தைக் கழிக்கும். எறும்பு அந்தப் பூச்சிகளை மேய்த்துப் பாதுகாத்து, அந்த இனிப்பைக் குடித்துப் பெருகும். அந்தப் பூச்சியும் வெளியிலிருந்து வந்ததுதான். 2002இல் ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சு கலந்த இரையைத் தூவினார்கள். எறும்பு குறைந்தது, ஆனால் சில வருடத்தில் திரும்பியது, மறுபடி தூவவேண்டியிருந்தது. எத்தனை காலத்துக்குக் காட்டில் விஷம் போடுவது? அப்போது ஆராய்ச்சியாளர்கள் எறும்பை விட்டுவிட்டு அதன் சாப்பாட்டைக் குறிவைத்தார்கள். மலேசியாவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு நுண்குளவி. அது அந்தச் செதில்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். வேறு பூச்சிகளைத் தொடாது என்பதைப் பல வருடம் சோதித்துப் பார்த்த பிறகே 2016 கடைசியில் விட்டார்கள்.

இதற்கிடையில் குட்டிநண்டுகள் ஏராளமாகக் கரையேறிய வருடங்களும் அமைந்தன. ஒருகாலத்தில் நாலைந்து கோடி என்று கணித்த செந்நண்டுகள் இப்போது பத்துக் கோடிக்கு மேல் இருக்கும் என்கிறது பூங்கா நிர்வாகம். இவ்வளவு சேதத்துக்குப் பிறகு ஓர் இனம் எழுந்து நிற்பது அரிது.

ஆனால் எல்லாவற்றுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. பிபிஸ்ட்ரெல் என்ற சின்ன வௌவாலின் குரல் கடைசியாகப் பதிவானது 2009 ஆகஸ்ட் 26 இரவு. வலைவைத்துப் பிடித்துக் காப்பாற்றுவதற்கு அனுமதி கிடைத்து ஆட்கள் வந்தபோது அந்த ஒன்றுதான் மிச்சம், அதுவும் சிக்கவில்லை. தீவின் மூஞ்சூறை 1985க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. காட்டு அரணை இனத்தின் கடைசி ஒன்று கூண்டில் 2014 மே 31 அன்று இறந்தது. 1980களில் வந்து சேர்ந்த ஓநாய்ப் பாம்பு பல்லி, அரணைகளைத் தின்று தீர்த்தது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நீலவால் அரணை 66, லிஸ்டர் பல்லி 43 என்று மிஞ்சியவற்றை நேரத்தோடு பிடித்துக் கூண்டில் வளர்த்ததால் அந்த இரண்டினமும் உயிரோடு இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் பெருகியும் விட்டன. ஆனால் பாம்பு இருக்கும்வரை சொந்தக் காட்டில் விடமுடியாது. நீலவால் அரணையைப் பாம்பில்லாத கொக்கோஸ் தீவுத்திட்டு ஒன்றில் 2019இல் விட்டுப் பார்த்தார்கள்.

தூரம் என்ற பண்டம்

பாஸ்பேட் தீர்ந்தால் தீவு எதை விற்கும்? பல வழி தேடினார்கள். 1993இல் ஒரு பெரிய சூதாட்ட விடுதி வந்தது. ஜகார்த்தாவிலிருந்து பணக்காரர்கள் விமானத்தில் வந்து ஆடினார்கள். 1998இல், ஆசியப் பொருளாதார நெருக்கடி நேரத்தில், மூடியது. ராக்கெட் ஏவுதளம் ஒன்று திட்டமாகவே நின்றது. சுற்றுலா உண்டு. பறவை பார்ப்பவர்கள், கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பவர்கள், நண்டு ஊர்வலத்துக்கு வருபவர்கள். ஆனால் வாரத்துக்கு ஒன்றிரண்டு விமானம் மட்டும் வரும் ஊரில் அது பெரிய வருமானம் ஆவது கடினம்.

கடைசியில் விலைபோனது தூரம்தான். இந்தோனேசியாவுக்குப் பக்கம் என்பதால் தஞ்சம் தேடும் படகுகள் முதலில் இங்கே வந்தன. 2001 ஆகஸ்டில் மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றிய டாம்பா என்ற நார்வே கப்பலை ஆஸ்திரேலியா தீவில் இறக்கவிடவில்லை. அடுத்த மாதமே, தஞ்சம் கேட்கும் சட்டத்தைப் பொறுத்தமட்டில் இந்தத் தீவு ஆஸ்திரேலியா இல்லை என்று ஆக்கினார்கள். நாட்டின் பகுதிதான், ஆனால் அங்கே வந்து இறங்கினால் நாட்டுக்குள் வந்ததாக ஆகாது. 2008இல் காட்டுக்கு நடுவே வடமேற்கு முனையில் பெரிய தடுப்பு முகாம் திறந்தது. 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து தப்பி வந்த நம்மவர்கள் பலரும் அதற்குள் நாள் எண்ணினார்கள். ஒருகட்டத்தில் தீவில் குடியிருந்தவர்களைவிட அடைபட்டிருந்தவர்கள் அதிகம்.

2010 டிசம்பர் 15 விடியற்காலை ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. 50 பேர் இறந்தார்கள். செங்குத்துப் பாறைமேல் நின்று கயிற்றையும் மிதவைச் சட்டைகளையும் வீசிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஊர்மக்கள். இறங்க வழியில்லாத கரை என்று முன்னால் சொன்னேனே, அதன் பொருள் அன்றைக்கு அவர்கள் கண்முன்னே தெரிந்தது.

முகாம் ஊருக்கு வேலை தந்தது, வாடகை ஏறியது, கடைகள் நடந்தன. படகுகள் நின்றபோது எல்லாம் இறங்கியது. 2018இல் மூடி, 2019இல் திறந்து, 2020இல் வூஹானிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தப் பயன்படுத்தி, 2023இல் காலிசெய்தார்கள். எந்தத் தடவையும் முடிவெடுத்த இடம் கான்பரா. தீவு மக்கள் மேற்கு ஆஸ்திரேலியச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவர்கள், ஆனால் அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு அவர்களுக்கு ஓட்டு இல்லை. நாடாளுமன்ற ஓட்டு, வடக்கு ஆட்சிப்பகுதியின் லிஞ்சியாரி தொகுதியோடு சேர்த்து எண்ணப்படுகிறது. 1,692 பேரின் குரல் அதில் எவ்வளவு கேட்கும்?

இப்போது சுரங்கக் குத்தகை 2034 வரை. கூடுதலாகக் காட்டு நிலத்தில் பாஸ்பேட் தேட அனுமதி கேட்டதை 2018இல் ஆஸ்திரேலிய அரசு மறுத்தது. தீவின் 63 சதவீதம் 1980இல் தொடங்கிய தேசியப் பூங்காவுக்குள் பத்திரமாக இருக்கிறது. மிச்சத்தில் பழைய சுரங்கக் காடுகள், இல்லை, காடு என்ற சொல் பொருந்தாது, மண்ணை வழித்தெடுத்தபின் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளைக் கல்தூண்கள். அங்கே நிழலில்லை, வளை தோண்ட மண்ணில்லை. விதை விழுந்தாலும் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

சுரங்கக் கம்பெனி ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு டன்னுக்கும் கட்டும் தீர்வையிலிருந்து அந்த நிலங்களில் சிலவற்றை மீட்கிறார்கள். முதலில் தூண்களைச் சமன்படுத்தி, எங்கிருந்தாவது கொஞ்சம் மண்ணைக் கொண்டுவந்து பரப்பவேண்டும். பிறகு வேகமாக வளரும் மரங்களை நட்டு நிழல் உண்டாக்கி, அந்த நிழலில் மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை வைக்கவேண்டும். களை எடுக்கவேண்டும், உரம் போடவேண்டும். ஆமாம், பாஸ்பேட் தீவில் கன்றுக்கு உரம். அபாட்ஸ் பூபியின் கூடுகளுக்குக் காற்றைத் தடுக்கவேண்டிய இடங்களை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பறவை கூடு வைக்கும் உயரத்துக்கு அந்த மரங்கள் வளர இன்னும் பல தசாப்தம் ஆகும். அந்த மரங்களின் அடியில் ஈரம் நின்று இலை விழத் தொடங்கிய இடங்களில், சொல்லாமலே, செந்நண்டு வந்து வளை தோண்டுகிறது.